மைக் முன்னால் ஓடிய ரயில்

நேயர்களுக்கு வணக்கம். மத்திய அலையில் முள்ளைத் திருகித் திருகி இலங்கை வானொலியைப் பிடித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பகலில் கரகரக்கும் தூரத்து நிலையம் பொழுது சாய்ந்ததும் தெளிவாகுமே, அது போல அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து டபிள்யூ.எஸ்.எம். நிலையமும் இரவில் பல மாநிலங்களுக்குக் கேட்கும். அலைவரிசை 650 கிலோஹெர்ட்ஸ், ஒலிபரப்பு சக்தி 1932 முதல் 50,000 வாட்.

அந்த நிலையத்தை 1925இல் தொடங்கியது ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். முகவர் கதவைத் தட்டும்போது பெயர் முன்பே தெரிந்திருக்கட்டும் என்ற கணக்கு, வியாபாரம்தான். அந்த நவம்பர் 28, சனிக்கிழமை இரவு, அங்கிள் ஜிம்மி தாம்சன் என்ற 77 வயதுக்காரர் பிடில் வாசித்தார். அதுதான் பிறகு 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற வாராந்தர இசை நிகழ்ச்சி ஆனது, கன்ட்ரி எனும் அமெரிக்க நாட்டுப்புற இசைக்கு. கிராமத்துத் திண்ணைப் பாட்டு வானொலி ஏறியது. ஊரின் சத்தம் ஊருக்கே திரும்பக் கேட்டது என்று வையுங்களேன்.

சரி, எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். நிலையத்தின் ஒலிபரப்புக் கோபுரம் நாஷ்வில்லுக்கு அருகே பிரென்ட்வுட்டில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1933 முதல் அங்கே ஒரு மைக் வைத்தார்கள். மாலையில் பான் அமெரிக்கன் ரயில் சின்சினாட்டியிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகிற வழியில் அதைக் கடக்கும். ஓட்டுநர் விசில் அடிப்பார், சக்கரங்கள் தடதடக்கும், நேரடி ஒலிபரப்பு! பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, போகிற ரயில்தான் நிகழ்ச்சி. இன்றைக்கு எந்த நிலையம் இதற்கு நேரம் ஒதுக்கும்?

அதற்கு முன்பே அந்த ரயிலை மவுத் ஆர்கனில் ஓட்டிக் காட்டியவர் டிஃபோர்ட் பெய்லி. மூச்சை இழுத்து இழுத்து விட்டே புகைவண்டி நகர்வது, வேகம் பிடிப்பது, விசில் எல்லாம் கொண்டுவந்துவிடுவார். ஆப்ரியின் முதல் கறுப்பின நட்சத்திரம். மேடையில் அத்தனை கைதட்டல். சுற்றுப்பயணத்தில் வெள்ளையர் விடுதிகளில் அவருக்கு அறை கிடையாது. 1941இல் ஆப்ரியிலிருந்து நீக்கினார்கள். அப்புறம் நாஷ்வில்லிலேயே காலணிக்கு மெருகு போடும் கடை நடத்திப் பிழைத்தார். ஊரின் சத்தம், ஊரின் சத்தம் என்று சொல்கிறேனே, அதில் யார் சத்தம் எதுவரை கேட்கும் என்பதையும் ஊர்தான் தீர்மானித்தது. கன்ட்ரி இசைப் புகழ் மன்றத்தில் அவரைச் சேர்த்தது 2005இல். இறந்து 23 ஆண்டுகள் கழித்து.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். வெள்ளத்தைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். 2010 மே மாதம் நாஷ்வில் வழியே ஓடும் கம்பர்லாந்து ஆறு கரை புரண்டு ஆப்ரி அரங்கத்துக்குள் புகுந்தது. வானொலி ஊழியர்கள் அந்தக் கோபுரத்தடிக்கே போய், அங்கிருந்து ஒலிபரப்பைத் தொடர்ந்தார்கள். ஆப்ரியும் நிற்கவில்லை, வேறு அரங்குகளில் நடந்தது. செப்டம்பர் கடைசியில்தான் வீடு திரும்பியது. இதற்கு மேல் நேரம் இல்லை. வணக்கம்.