சாக்ஸில் வெள்ளி, பாலாற்றில் தீர்ப்பு

வணக்கம் மக்களே. பின்னாடி தெரிவது பாலாறுதான், தண்ணீரைத் தேடாதீர்கள். நானோ தொழில்நுட்பத்தின் அறத்தைப் பேச இங்கே எதற்கு வந்தான் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இந்த சாக்ஸ் அட்டையைப் பாருங்கள். ‘நானோ சில்வர், நாற்றம் வராது’. வெள்ளி எவ்வளவு, துவைத்தால் எங்கே போகும் என்று ஒரு வரி கிடையாது. நானோமீட்டர் என்றால் மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவுக்குப் பொடியானால் வெள்ளியின் மேற்பரப்பு பல மடங்கு பெருகும்; பாக்டீரியாவைக் கொல்லும் வெள்ளி அயனி, அதாவது மின்னூட்டம் கொண்ட வெள்ளி அணு, சுலபமாகக் கசியும். 2008-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் இப்படிப்பட்ட சாக்ஸைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் வெள்ளி அப்படியே தங்கியது, சிலவற்றில் கிட்டத்தட்ட முழுவதும் கழன்று வந்துவிட்டது. சாக்கடை நீரைச் சுத்திகரிப்பதே பாக்டீரியாதானே? அதையே கொன்றால்?

நானோ ரோபோ உலகத்தைத் தின்றுவிடும் என்ற பயமெல்லாம் எனக்கு இல்லை. அது மேடைப் பேச்சுக்கு நல்லது. என் கேள்வி சின்னது: தீங்கில்லை என்று யார் நிரூபிக்க வேண்டும்?

இதற்கு நம்ம ஊர் வழக்கிலேயே பதில் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலந்ததை எதிர்த்து வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்கு. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. அறிவியல் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்று சாக்குச் சொல்லித் தடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது. நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருக்கு. கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர் பாட்டிலோடு லேபுக்கு அலைய வேண்டாம்.

உணவுக்கு வெள்ளை நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடு பொடியிலும் நானோ துகள்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் அதை உணவில் நிறுத்தியதும் இப்படித்தான். மரபணுவைக் கெடுக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் வேண்டாம் என்றார்கள்.

‘கீழடிப் பானையிலேயே நானோ இருந்ததே’ என்பார்கள். ஆமாம், அந்தக் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய், அதாவது கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய், இருப்பதை 2020-ல் சொன்னதே வேலூர் விஐடி ஆய்வாளர்கள்தான். பெருமைதான். ஆனால் குயவருக்கு அது இருப்பதே தெரியாது. இன்றைய கம்பெனி தெரிந்தே கலக்கிறது, அதைச் சொல்லியே விலையும் ஏற்றுகிறது. பொறுப்பு மட்டும் எப்படி வேண்டாம் என்று சொல்லும்?

மருந்தில் நானோ வந்தால் எனக்குக் கவலை குறைவு. அங்கே சோதனை முடித்த பிறகுதான் விற்பனை. சாக்ஸுக்கு அப்படி எதுவும் கேட்பதாகத் தெரியவில்லை.

சரி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் இருப்பவர்கள் பார்த்தால் ஒரு உதவி. லைனிங்கில் நானோ பூச்சு வருகிறதா, கெமிக்கல் டிரம்மோடு வரும் பாதுகாப்புத் தாளில் என்ன எழுதியிருக்கிறது? எழுதுங்கள், அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான்.