மொராக்கோ போறீங்களா? போன்ல இதையெல்லாம் ஏத்திக்கோங்க

[காட்சி: ஃபெஸ் நகரின் பழைய சந்து. கையில் போன், திரையில் நீலப் புள்ளி]

இந்த நீலப் புள்ளியைப் பாருங்க. ஆள் நின்ன இடத்துலயே நிக்கிறாரு; புள்ளி மட்டும் சுவரைத் தாண்டி அடுத்த சந்துக்குப் போயிடுச்சு. ஃபெஸ் மதீனாவுல, அதாவது கோட்டைச் சுவருக்குள்ள இருக்கிற பழைய ஊர்ல, இது சகஜம். சில சந்துல ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா ஒருத்தர் ஒதுங்கணும். ரெண்டு பக்கமும் ஓங்குன சுவர், மேலே வானம் ஒரு கீத்து. ஜிபிஎஸ் சிக்னல் எங்கே ஒழுங்கா வந்து சேரும்?

அதனால முதல்ல ஆர்கானிக் மேப்ஸ். இலவசம், விளம்பரம் கிடையாது, நெட் இல்லாமலும் ஓடும். ஊர்லயே மொராக்கோ மேப்பை இறக்கிக்கோங்க. தங்குற ரியாத்தை (நடுவுல முற்றம் வச்ச பழைய வீட்டு விடுதி) குறிச்சா போதாது. பக்கத்துல இருக்கிற கோட்டை வாசலையும் குறிங்க. வழி தப்பினா போனை உள்ளே வச்சுட்டு, "பாப் பூஜ்லூத்?"னு அந்த வாசல் பேரைச் சொல்லி ஒரு கடைக்காரரைக் கேளுங்க, கை காட்டிடுவாரு. பின்னாடி "பாலாக்!"னு குரல் கேட்டா உடனே சுவரோட ஒட்டிக்கோங்க. சுமையோட கழுதை வருது, அதுக்கு பிரேக் கிடையாது.

[காட்சி: தாஞ்சியர் ரயில் நிலையம்]

ரயிலுக்கு, மொராக்கோ ரயில்வேயோட ஓஎன்சிஎஃப் ஆப். 2018-ல் வந்த அல் போராக் அதிவேக ரயில், மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஓடி, தாஞ்சியர்ல இருந்து காசாபிளாங்காவுக்கு ரெண்டேகால் மணி நேரத்துக்குள்ள கொண்டுபோய் விட்டுடும். ஷெஃப்ஷாவுன்ங்கிற மலை ஊருக்கு ரயிலே இல்ல. அதுக்கு சிடிஎம் பஸ் ஆப்.

[காட்சி: சிவப்பு டாக்ஸி, மீட்டர் நெருக்கத்தில்]

ஊருக்குள்ள சுத்த, என்னைக் கேட்டா ஆப்பே வேண்டாம். காசாபிளாங்காவுல சிவப்பு, மராக்கேஷ்ல மணல் நிறம்: இதுதான் பெத்தி டாக்ஸி, ஊருக்குள்ள ஓடுற சின்ன டாக்ஸி. மூணு பேருக்கு மேல ஏத்த மாட்டாங்க. ஏறினதும் மீட்டரைக் காட்டி "கோந்தர்"னு சொல்லுங்க. ராத்திரியில மீட்டர் காசுக்கு மேல பாதி சேரும், அது ஏமாத்து வேலை இல்ல, விதியே அப்படித்தான்.

[காட்சி: மசாலாக் கடை, மொழிபெயர்ப்புத் திரை]

கூகுள் டிரான்ஸ்லேட்ல அரபியை மட்டும் இறக்கிட்டு நிம்மதியா இருந்துடாதீங்க. அது பேசுறது ஏட்டு அரபி. இங்கே தெருவுல ஓடுறது தாரிஜா, மொராக்கோவோட பேச்சு அரபி. புரிஞ்சுக்குவாங்க, ஆனா பதில் உங்க போனுக்குப் புரியாது. பிரெஞ்சையும் சேர்த்து இறக்குங்க. ஓட்டல் மெனு மேல கேமராவைக் காட்டினா அதுதான் கைகொடுக்கும். விலை கேட்க "ப்ஷால்?" போதும். அவர் சொல்ற திர்ஹாம் நம்ம பணத்துல எவ்வளவுன்னு பார்க்க எக்ஸ்இ ஆப். பேரம் உங்க சாமர்த்தியம்.

[காட்சி: நிலையக் கடிகாரம்]

கடைசியா, போன்லயே இருக்கிற கடிகாரம். மொராக்கோ வருஷம் முழுக்க கிரீன்விச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. ரமலான் மாசம் மட்டும் அந்த ஒரு மணியைப் பின்னாடி தள்ளிடுவாங்க. அந்தச் சமயத்துல போறவங்க, ரயில் ஏறுற அன்னிக்கு போனோட நேரத்தை நிலையக் கடிகாரத்தோட ஒருதரம் ஒத்துப் பாருங்க.