பூட்டி வைப்பது வேறு, தண்டிப்பது வேறு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தேவகோட்டை நீதிமன்றத்தில் முப்பத்து நான்கு வருடம் குற்றவியல் வழக்குகள் நடத்தியவன் நான். அதில் பாதிக்கு மேல் ஜாமீன் மனுக்கள். அதாவது, குற்றம் செய்தாரா இல்லையா என்று இன்னும் யாரும் முடிவு சொல்லாத மனிதர்களுக்காக நின்று பேசுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. இன்று உங்களிடம் ஒரு அமெரிக்கப் போலீஸ் அதிகாரியைப் பற்றிப் பேசப் போகிறேன். ஜோ அர்பாயோ என்று பெயர்.

என் மகள் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய சாண்ட்லரில் இருக்கிறாள். 2014 கோடையில் இரண்டு மாதம் அங்கே போய் இருந்தேன். வெயிலைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயில் சதம் அடித்தது என்று பேப்பரில் போட்டாலும், நம் வீட்டில் வளவுக்குள் வந்து ஆத்தங்குடிக் கல்லில் ஒரு பாயை விரித்துப் படுத்தால் முதுகு குளிரும். சுவரின் கனமும் சுண்ணாம்புப் பூச்சும் உயர்ந்த கூரையும் வெயிலை வெளியே நிறுத்திவிடும். அந்த ஊரில் ஜூன் மாதம் 110 டிகிரி சாதாரணம். பாரன்ஹீட்தான், நாம் சொல்லும் அதே கணக்கு. ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால் அடுப்படிக் காற்று.

ஒருநாள் காரில் போகும்போது மாப்பிள்ளை கையைக் காட்டி, "மாமா, அதோ பாருங்கள், அதுதான் அர்பாயோவின் கூடாரச் சிறை" என்றார். வேலிக்குள் வரிசை வரிசையாகத் துணிக் கூடாரங்கள். கொரியப் போர்க் காலத்துப் பழைய ராணுவக் கூடாரங்களாம். அந்த வெயிலில், துணிக்கு அடியில், மனிதர்கள். காவல் கோபுரத்தில் லாட்ஜ் வாசலில் இருப்பதுபோல 'இடம் காலி' என்று ஒரு விளக்குப் பலகை உண்டு என்றும் சொன்னார். 2011 கோடையில் வெளியே 118 டிகிரி அடித்த நாளில், கூடாரத்துக்குள் 145 டிகிரி. அளந்தது வேறு யாருமில்லை, அர்பாயோவேதான். நமது வீரர்கள் ஈராக்கில் இதைவிட மோசமான வெயிலில் கூடாரத்தில் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லையே என்பது அவருடைய பதில்.

அந்தப் பதிலைக் கேட்டு லட்சக்கணக்கானவர்கள் கை தட்டினார்கள். என் பேச்சு அந்தக் கைதட்டலைப் பற்றித்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழப்பமாகும். நம் மாவட்டக் கண்காணிப்பாளர், எஸ்.பி., தேர்வு எழுதி வருகிறவர். ஓட்டுக் கேட்டு வீதிக்கு வருவதில்லை. அங்கே மாவட்டத்தை கவுண்டி என்பார்கள். அதன் போலீஸ் தலைவர் ஷெரீப், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர். இன்னொன்று, நம் ஊரில் போலீஸ் வேறு, சிறைத்துறை வேறு. அங்கே உள்ளூர்ச் சிறையும் ஷெரீப் கையில். பிடிப்பவரும் அவர், பூட்டி வைப்பவரும் அவர், அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்பவரும் அவர். மூன்றும் ஒரே ஆள்.

அர்பாயோ 1932இல் பிறந்தவர். இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் மகன். போதைப்பொருள் தடுப்புத் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, 1992இல் மாரிகோபா கவுண்டியின் ஷெரீப்பாக ஜெயித்தார். நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் கவுண்டி அது. தொடர்ந்து ஆறு தேர்தல், 24 வருடம். 'அமெரிக்காவின் மிகக் கண்டிப்பான ஷெரீப்' என்பது அவர் விரும்பிச் சூட்டிக்கொண்ட பட்டம். கைதிகளைச் சங்கிலியில் பிணைத்துத் தெருவில் வேலை வாங்கினார், பெண்களையும்கூட. சாப்பாட்டை ஒரு நாளைக்கு இரண்டு வேளையாகக் குறைத்தார். காபியை நிறுத்தினார். ஆண் கைதிகளுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் உள்ளாடை கொடுத்தார். வெள்ளையாக இருந்தால் வெளியே திருடிக்கொண்டு போகிறார்கள் என்று காரணம் சொன்னார். அப்புறம் அதே உள்ளாடையில் கையெழுத்துப் போட்டு விற்பதும் நடந்தது.

ஓட்டுப் போட்டவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அவர்களுக்குப் பயம் இருந்தது. எல்லை தாண்டி வருகிறவர்கள், போதைப்பொருள், தலைநகரம் எதையும் செய்வதில்லை என்ற ஆத்திரம். இந்த ஒரு மனிதராவது ஏதோ செய்கிறாரே என்று நினைத்தார்கள். அந்தப் பயம் எனக்குத் தெரியும். நம் செட்டிநாட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். உள்ளே எழுபது வயது ஆச்சி ஒருவர், இல்லாவிட்டால் பூட்டும் சாவியும்தான். பிள்ளைகளெல்லாம் சென்னையில், சிங்கப்பூரில். ராத்திரி ஓடு சரிந்தால்கூடத் திருடனோ என்று எழுந்து உட்கார்கிறோம்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. இருபது வருடம் இருக்கும். இரண்டாங்கட்டிலிருந்து பெரிய பித்தளை அண்டா இரண்டும் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கும் காணாமல் போயின. அப்பத்தா காலத்துச் சாமான். நான் புகார் கொடுத்தேன். யார் மேலாவது சந்தேகமா என்று கேட்டார்கள். முதல் நாள் தேங்காய் பறிக்க வந்தவர் பின்கட்டு வழியாகத்தான் போனார் என்று எங்கள் வீட்டில் யாரோ சொன்னார்கள். அன்று சாயங்காலமே அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "நல்லா கவனிக்கச் சொல்லுங்க, முட்டிக்கு முட்டி தட்டினால் தானா வரும்" என்று எங்கள் பட்டாலையில் உட்கார்ந்து பேசினார்கள். நான் வக்கீல். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு காபி குடித்தேன். மூன்று நாள் கழித்து வெளியூரில் ஒரு பழைய சாமான் கடையில் அண்டா கிடைத்தது. விற்றவர் வேறு ஆள். தேங்காய் பறிக்கிறவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்க முடியவில்லை. "பரவாயில்லைங்க ஐயா" என்றார். அதற்குப் பிறகு எங்கள் தோப்புக்கு அவர் வரவே இல்லை. அந்தக் காபியை நான் மறக்கவில்லை.

ஆகவே சொல்கிறேன்: பூட்டி வைப்பது வேறு, தண்டிப்பது வேறு. பூட்டி வைப்பது ஆள் ஓடிப்போகாமல் இருக்க. தண்டிப்பது, குற்றம் நிரூபணமான பிறகு, நீதிபதி சொல்லி. கூடாரத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சிறு குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்கள், அது உண்மை. ஆனால் அந்தக் கவுண்டியின் மற்றச் சிறைகளில் பெரும்பகுதி விசாரணைக் கைதிகள். அவர்களுக்கும் அதே இளஞ்சிவப்பு உள்ளாடைதான்.

அதில் ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். 36 வயது. மனநலம் சரியில்லாதவர், வருடக்கணக்கில் அம்மாவோடு வீட்டுக்குள்ளேயே இருந்தவர். 2001 நவம்பரில் ஒருநாள் வெளியே வந்தார். திருட்டுப் புகார் என்று வந்த போலீஸ்காரரோடு கைகலப்பாகிக் கைதானார். சிறையில் உடை மாற்ற மறுத்தார். பல காவலர்கள் சேர்ந்து பிடித்து, உடையைக் கழற்றி, அந்த இளஞ்சிவப்பு உள்ளாடையை மாட்டிவிட்டார்கள். தன்னை மானபங்கம் செய்யப் போகிறார்கள் என்றே அவர் நம்பினார், அப்படியே கத்தினார். ஒரு வாரத்தில் வெளியே வந்தார். சில வாரம் கழித்து, அம்மா ஓட்டிய கார் சின்ன விபத்தில் சிக்கியது. வந்த போலீஸ்காரர், உங்கள் மகன் மேல் வாரண்ட் இருக்கிறது, மறுபடி கைதாகலாம் என்றார். அவ்வளவுதான், அந்த மனிதர் இறங்கி ஓடினார். நான்கைந்து மைல், வீடு வரைக்கும். மறுநாள் இதயத்துடிப்பு தாறுமாறாகி இறந்துபோனார்.

வழக்கு நடந்தது. ஜூரி கவுண்டி பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, திரும்ப விசாரிக்கச் சொன்னது. குற்றம் நிரூபணமாகாதவருக்கு, தக்க காரணம் இல்லாமல், இந்த நிறத்தை மாட்டுவதே தண்டனை மாதிரித்தான் இருக்கிறது என்றது. ஒரு துணியின் நிறம்! நான் ஜாமீன் மனுவில் முப்பத்து நான்கு வருடம் சொல்லிப் பார்த்ததும் இதைத்தானே.

நம் பத்திரிகைகளில் இப்போது ஒரு படம் அடிக்கடி வருகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிடிபட்டவர் கையில் மாவுக்கட்டு. தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்தார் என்று கீழே ஒரு வரி. அதைப் பார்த்து டீக்கடையில் சிரிக்கிறோம். அந்த உள்ளாடையும் இந்த மாவுக்கட்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, மடப்புரத்தில், 2025 ஜூனில், நகை காணோம் என்ற புகாருக்காக விசாரிக்கக் கூட்டிப் போன கோயில் காவலாளி உயிரோடு திரும்பவில்லை. வழக்கு சிபிஐக்குப் போனது. நகை காணோம், அண்டா காணோம். என் வீட்டில் நடந்ததும் அதற்கு ஒரு அடி முன்னால் நின்றுவிட்டது, அவ்வளவே.

இனி, அர்பாயோவைக் கடைசியில் நீதிமன்றத்துக்கு இழுத்தது வேறு விஷயம். முகத்தைப் பார்த்து வண்டியை நிறுத்துவது. 2007இல் மெக்சிகோவிலிருந்து முறையான விசாவோடு வந்த ஒருவர் காரில் போனார். ஓட்டியவர் வெள்ளைக்காரர். ஷெரீப்பின் ஆட்கள் நிறுத்தினார்கள், விசாவோடு வந்தவருக்கு விலங்கு மாட்டிப் பல மணி நேரம் வைத்திருந்தார்கள். மெலெண்ட்ரஸ் வழக்கு என்று அதற்குப் பெயர். 2013 மே மாதம், ஷெரீப்பின் ஆட்கள் இனத்தைப் பார்த்து மனிதர்களை நிறுத்துகிறார்கள் என்று நீதிபதி முர்ரே ஸ்நோ தீர்ப்பளித்தார்.

நகரத்தார் வீடுகளுக்கு இது புதிதில்லை. எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர். 1960களில் அங்கே கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டு நம்மவர்களை அனுப்பியபோது, கப்பல் ஏறும் இடத்தில் காதுக் கடுக்கனைக்கூடத் தடவிப் பார்த்தார்கள் என்று அப்பத்தா சொல்வார்கள். நாற்பது வருடம் அந்த ஊரில் இருந்தவரை, முகத்தைப் பார்த்து, நீ யார் என்று கேட்டார்கள். என் மகளும் சாண்ட்லரில் காரில் ஏறும்போதெல்லாம் பாஸ்போர்ட் நகலைப் பையில் வைத்துக்கொள்வாள். "எதுக்கு ஆத்தா" என்று கேட்டேன். "சும்மா இருக்கட்டும் அப்பச்சி" என்றாள்.

நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரலைக் காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு நிமிடம்தானாம். சுருக்கிக்கொள்கிறேன்.

சட்டவிரோதமாகத் தங்கியிருக்கிறார் என்ற சந்தேகத்துக்காக மட்டும் யாரையும் பிடித்து வைக்காதே என்று 2011 டிசம்பரிலேயே நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஒன்றரை வருடம் போல அது மீறப்பட்டது. 2016 தேர்தலில் அர்பாயோ தோற்றார். 2017 ஜூலை 31 அன்று நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பு. தண்டனை சொல்லும் முன்பே, ஆகஸ்ட் 25 அன்று, அதிபர் டிரம்ப் மன்னித்துவிட்டார். சட்டத்தைக் காப்பாற்றியவருக்குக் கிடைத்த நீதி என்று பாதிப் பேர், நீதிமன்றத்தை அவமதித்தவருக்குப் பரிசா என்று மீதிப் பேர். கூடாரங்களைப் புதிய ஷெரீப் மூடினார்.

செலவைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். மெலெண்ட்ரஸ் வழக்குக்கு மட்டுமே கவுண்டி மக்களின் வரிப்பணம் 10 கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. வண்டிகளை நிறுத்தும் இந்தத் தேடுதல் வேட்டைகள் தொடங்கிய அதே காலத்தில், 400க்கு மேற்பட்ட பாலியல் குற்றப் புகார்கள் சரியாக விசாரிக்கப்படாமல் கிடந்தன.

கடைசியாக நம் ஊருக்கு. உங்கள் வீட்டில் ஒருவரைப் போலீஸ் கூட்டிப் போனால், 1996இல் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் சொன்னதைக் கேளுங்கள். கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் சாட்சி கையெழுத்து வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்கக் காசில்லாவிட்டால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் போய்க் கேளுங்கள், இலவசம்தான். அங்கே... சரி, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.