ஒரே நிரல், பல வாசல்கள்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன், பக்கத்தில் இருப்பவர் கையில் ஐஃபோன். இரண்டிலும் ஒரே ஆப். பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ரொம்ப காலம் அதை இரண்டு குழுக்கள் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஐஃபோனுக்கு ஒரு மொழி, ஆண்ட்ராய்டுக்கு வேறு மொழி. ஒரு பொத்தானின் பெயரை மாற்றக்கூட இரண்டு பேர் உட்கார வேண்டும்.

ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் திறந்தது. கூகுளின் கடை அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. கடைகள் இரண்டானதுமே, ‘ஒரே முறை எழுதி இரண்டு இடத்திலும் போட முடியாதா’ என்ற ஆசையும் வந்துவிட்டது. முதலில் வலைப்பக்கத்தையே ஒரு பெட்டிக்குள் அடைத்து ஆப் என்று கொடுத்தார்கள். கொஞ்சம் மந்தமாக ஓடும். 2015-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் என்ற ஆப் எழுதும் கருவி, அந்தந்த போனின் சொந்தப் பொத்தான்களையே வரவழைத்தது. அதேபோல் கூகுளின் கருவியான ஃபிளட்டர் முதல் முழுப் பதிப்பாக 2018 டிசம்பரில் வந்தது. அது போனின் பொத்தானைக் கேட்பதில்லை, திரை முழுவதையும் தானே வரைந்துகொள்கிறது. அதனால் எல்லா போனிலும் ஒரே முகம்.

ஒரே முகம் என்றேன் இல்லையா? என் வம்பு அங்கேதான் தொடங்கியது.

நாங்கள் ஒரு ஆப் செய்தோம். ஒரே நிரல், இரண்டு கடை, ஒரே நாளில் வெளியீடு. பெருமை தாங்கவில்லை. சில மாதம் கழித்து அதை ஐஃபோனில் பயன்படுத்தும் ஒரு பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு ரசீதைத் திறந்தார், படித்தார், ஆப்பையே மூடினார். மறுபடி திறந்தார், அடுத்த ரசீதைத் தேடிப் போனார், மறுபடி மூடினார். “ஏன் ஐயா ஒவ்வொரு தடவையும் மூடுகிறீர்கள்?” என்று கேட்டேன். “இதிலிருந்து வெளியே வர வேறு வழி எங்கே இருக்கிறது தம்பி?” என்றார்.

வழி இல்லைதான். ஆண்ட்ராய்டில் பின்னால் போவதற்குப் போனிலேயே ஒரு வசதி உண்டு. ஐஃபோனில் அதை ஆப்தான் கொடுக்க வேண்டும், மேலே இடது மூலையில் ஒரு அம்புக்குறியாக. நாங்கள் எல்லோரும் ஆண்ட்ராய்டிலேயே சோதித்தோம். அம்புக்குறி இல்லாதது எங்கள் கண்ணில் படவே இல்லை. அந்தப் பெரியவரோ குறையே சொல்லாமல், அது தன் பழக்கக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நிரல் ஒன்றாக இருக்கலாம், சோதனை ஒன்றாக இருக்கக் கூடாது. எத்தனை கடையில் போடுகிறோமோ அத்தனை வகை போனையும் கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடை என்றால் இரண்டோடு முடியவில்லை. அமேசானுக்கு ஒன்று, சாம்சங்குக்கு ஒன்று, ஹுவாவேக்கு ஒன்று. 2019-க்குப் பிறகு வந்த ஹுவாவே போன்கள் பலவற்றில் கூகுளின் சேவைகள் கிடையாது. ஆப் நன்றாகத்தான் திறக்கும், ஆனால் கூகுள் வரைபடத்தை நம்பிய பக்கம் வெறுமையாக நிற்கும், கூகுள் வழியாக வரவேண்டிய அறிவிப்பும் வந்து சேராது. ஆகவே வரைபடம், அறிவிப்பு, பணம் செலுத்துவது, இந்த மூன்றையும் நிரலின் நடுவில் கலக்காமல் ஓரமாகத் தனியே வையுங்கள். கடைக்குக் கடை அந்த ஓரத்தை மட்டும் மாற்றினால் போதும்.

கடைக்காரர்களின் விதிகளைப் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரே நிமிடம்தான். சரி, ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு ஆப் ஒவ்வொன்றிலும் ஒரு டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். அதைப் போட உதவும் ரகசியக் கோப்பைச் சாவி என்பார்கள். ஒரு கடைக்கு ஒரு சாவியும் இன்னொரு கடைக்கு வேறு சாவியும் போட்டுக் கையொப்பமிட்டால், ஒன்றின் மேல் மற்றதை அப்டேட் செய்ய போன் விடாது. பழையதை அழித்தால்தான் புதியது ஏறும், போனில் சேமித்ததெல்லாம் அதோடு போய்விடும். முதல் நாளே எந்தச் சாவி என்று முடிவு செய்துகொண்டு, அதன் பிரதியை வேறொரு இடத்தில் பத்திரமாக வையுங்கள். வணக்கம்.