முதன்முறையாக ஓடப் போகிறீர்களா? மெதுவாக ஓடுங்கள், இன்னும் மெதுவாக

[திரையில்: ஒருவர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்குகிறார். ஓரத்தில் ஸ்டாப்வாட்ச். 1 நிமிடம் 40 விநாடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார்.]

ஓட வேண்டும் என்று முடிவெடுத்த முதல் நாள் நிறைய பேருக்கு இப்படித்தான் முடிகிறது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், தொண்டை வறண்டு போகும், சரி, நமக்கு ஓட்டமெல்லாம் ஒத்துவராது என்று திரும்பி நடந்துவிடுவோம். நானும் அப்படித் திரும்பி நடந்திருக்கிறேன். அதனால் இந்த வீடியோவில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் வெவ்வேறு பக்கத்திலிருந்து சொல்லப் போகிறேன்: நீங்கள் ஓடும் வேகம் உங்களுக்கு அதிகம், அதைக் குறையுங்கள்.

யோசித்துப் பாருங்கள், கடைசியாக எப்போது ஓடினீர்கள்? பள்ளிக்கூட ஓட்டப்பந்தயமாக இருக்கும், இல்லாவிட்டால் கிளம்பிவிட்ட பேருந்தைப் பிடிக்க ஓடியதாக இருக்கும். இரண்டுமே முழு வேக ஓட்டம். நமக்குத் தெரிந்த ஒரே ஓட்டம் அதுதான் என்பதால், வருடக்கணக்கில் ஓடாமல் இருந்துவிட்டு ஒரு நாள் காலையில் இறங்கும்போதும் கால் தானாக அந்த வேகத்துக்கே போய்விடுகிறது.

அந்த வேகத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது? தசைகள் கேட்கும் ஆற்றலை ஆக்ஸிஜனைக் கொண்டு மட்டும் உருவாக்கிக் கொடுக்க முடிவதில்லை. அப்போது ஆக்ஸிஜன் தேவைப்படாத இன்னொரு வழியில் சர்க்கரையை உடைத்து உடம்பு பற்றாக்குறையைச் சரிக்கட்டுகிறது. அது சட்டென்று ஆற்றல் தரும் வழி, ஆனால் அதை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் ஓட முடியாது. இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும், அதைக் குறைக்கக் கார்பன் டை ஆக்சைடை வேகவேகமாக வெளியேற்ற வேண்டியிருக்கும், அதனால்தான் அப்படி மூச்சிரைக்கிறது. உங்கள் நுரையீரலில் குறை இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த வேகத்தில் யாரை ஓடவிட்டாலும், அவரவர் எல்லையைத் தாண்டிய பிறகு இதுதான் நடக்கும்.

[திரையில்: இரண்டு பேர் பேசிக்கொண்டே மெதுவாக ஓடுகிறார்கள்.]

அப்படியென்றால் சரியான வேகம் எது? கைக்கடிகாரம், ஆப் எதுவும் தேவையில்லை, பேசிப் பாருங்கள். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிந்தால் அதுதான் உங்கள் வேகம். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் குறையுங்கள். குறைத்தும் திணறுகிறதா, இன்னும் குறையுங்கள். ஒரு கட்டத்தில் பக்கத்தில் விறுவிறுவென்று நடந்து போகிறவர் உங்களைத் தாண்டிப் போவார். போகட்டும். ஒவ்வொரு அடிக்கும் இடையில் இரண்டு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழுந்தால் அது ஓட்டம்தான், எவ்வளவு மெதுவாக இருந்தாலும்.

இந்த மெதுவான ஓட்டத்துக்குப் பின்னால் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கதை உண்டு. பில் போவர்மேன் என்று ஒரு பெரிய அமெரிக்கத் தடகளப் பயிற்சியாளர், பின்னாளில் நைக்கி ஆன நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். 1962-ல் அவர் நியூசிலாந்துக்குப் போனார். அங்கே ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர், விளையாட்டு வீரர்களே அல்லாத சாதாரண ஆட்களை, வயதானவர்களையும் சேர்த்து, மெதுவாக ஓடப் பழக்கிக்கொண்டிருந்தார். போவர்மேனும் அவர்களோடு ஓடினார். அப்போது அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். ஓடினால் மூச்சு வாங்குகிறது, கூட்டத்தோடு சேர்ந்து போக முடியவில்லை. எழுபது வயதைக் கடந்த, மாரடைப்பு வந்து மீண்ட ஒரு பெரியவர்தான் வேகத்தைக் குறைத்து அவரோடு பேசிக்கொண்டே கூட வந்தார். ஊர் திரும்பிய போவர்மேன் அமெரிக்காவில் பொதுமக்களுக்கு ஜாகிங் வகுப்பு ஆரம்பித்தார். உலகத்தரமான வீரர்களைப் பழக்கிய மனிதரே மெதுவாக ஓடுவதை இன்னொருவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சரி, இனி எப்படி ஆரம்பிப்பது? நடையும் ஓட்டமும் கலந்து. 1996-ல் ஜாஷ் கிளார்க் என்பவர் உருவாக்கிய 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டம் வரை) என்ற திட்டத்தை இன்றைக்கும் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் எப்படி இருக்கும் தெரியுமா? 5 நிமிடம் விறுவிறுப்பான நடை, அதற்குப் பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இதையே மாற்றி மாற்றி 20 நிமிடம். அவ்வளவுதான். 60 விநாடி என்றதும் இது ஒரு விஷயமா என்று தோன்றும். அதை எட்டு முறை செய்தால் 8 நிமிட ஓட்டம், முதல் நாளில் இரண்டு நிமிடத்தில் நின்றுபோன அதே ஆள்தான் இந்த எட்டு நிமிடத்தையும் ஓடியிருக்கிறார். நடக்கும் அந்த 90 விநாடியைத் தோல்வியாக நினைக்காதீர்கள், பயிற்சியில் அதுவும் பாதி. ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அடுத்த வாரத்துக்குத் தாவாமல் அதையே இன்னொரு முறை செய்யுங்கள். ஒன்பது வாரம் பதினான்கு வாரமானால் ஒன்றும் குறைந்துவிடாது.

[திரையில்: காலின் படம். தசை, தசைநாண், எலும்பு ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் முதல் நாளைத் தாண்டி வந்தவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். மூன்றாவது நான்காவது வாரத்தில் திடீரென்று எல்லாம் லேசாகிவிடும். மூச்சு வாங்காது, இன்னும் பத்து நிமிடம் சேர்த்து ஓடலாமே என்று இருக்கும், ஓய்வு நாளிலும் கால் பரபரக்கும். காரணம், இரத்தமும் இதயமும் சீக்கிரம் பழகிக்கொள்கின்றன. இரத்தத்தின் திரவப் பகுதி முதல் ஓரிரு வாரத்திலேயே கூடுகிறது, இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் இரத்தத்தை அனுப்புகிறது. ஆனால் எலும்பும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் அந்த வேகத்தில் மாறுவதில்லை, அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதிலும் எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும் விதம் விசித்திரமானது: முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது, அதற்கப்புறம்தான் அந்த இடத்தில் புதிதாகக் கட்டுகிறது. அதாவது நடுவில் சில வாரம் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும்.

ஓடும்போது ஒவ்வொரு அடியும் உங்கள் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசையோடு தரையில் இறங்குகிறது, ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் அடிக்கு மேல். மூச்சு "போகலாம்" என்று சொல்கிற நாளில் எலும்பு இன்னும் தயாராகியிருக்காது, அதற்குத்தான் ஓய்வு நாள். நன்றாக இருக்கும் வாரத்தில்தான் ஓய்வு நாளை விடாப்பிடியாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அட்டவணைப்படி போனால் அடிபடாது என்றும் நம்பிவிட வேண்டாம். 2008-ல் நெதர்லாந்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட புதிய ஓட்டக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழு எட்டு வாரத்தில் வழக்கம்போல் பயிற்சி எடுத்தது, மற்றது ஓட்டத்தின் அளவை வாரம் பத்து சதவீதம் என்று நிதானமாகப் பதின்மூன்று வாரத்தில் ஏற்றிக்கொண்டு போனது. இரண்டிலுமே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம். ஆகவே அட்டவணை ஒரு வழிகாட்டி மட்டும்தான், உங்கள் கால் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வலிக்கு நிற்க வேண்டும்? தொடையிலும் கெண்டைக்காலிலும் இரண்டு பக்கமும் பரவலாக, ஓடிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரும் வலி தசை வலி, தானாகப் போய்விடும், மெதுவாக நடந்தால் இதமாக இருக்கும். விரலை வைத்து இங்கேதான் என்று காட்ட முடிகிற வலி, ஓட ஓடக் கூடுகிற வலி, நொண்ட வைக்கிற வலி, சும்மா இருக்கும்போதும் விடாத வலி, இவை வேறு. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் இப்படி ஒரே புள்ளியில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம்.

முழங்கால் தேய்ந்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஓடாதவர்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதத்தினருக்கு மட்டுமே. ஓட்டம்தான் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சாதாரணமாக ஓடுவதால் மூட்டு தேய்கிறது என்ற பயத்துக்கு இதில் ஆதாரம் இல்லை.

ஷூ பற்றிச் சுருக்கமாக: போட்டதும் வசதியாக இருக்க வேண்டும், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், மாலையில் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். குதிகாலா முன்பாதமா எது முதலில் தரையில் பட வேண்டும் என்று குழம்ப வேண்டாம், எட்டி அடி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக வைத்தால் போதும். விலாவில் பிடித்துக்கொண்டால் நடங்கள், அந்த இடத்தை அழுத்திப் பிடித்து மெதுவாக, முழுவதுமாக மூச்சை வெளியே விடுங்கள்.

இதய நோய், சர்க்கரை, உயர் இரத்த அழுத்தம் இருப்பவர்களும் பல வருடமாக உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களும் தொடங்கும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், அடுத்த 60 விநாடி வேண்டாம், உடனே உதவி கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, காய்ச்சலோ வேலையோ வந்து இரண்டு வாரம் விட்டுப்போகும், எல்லோருக்கும் நடப்பதுதான். திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள், அன்றைக்கும் முதல் 5 நிமிடம் நடை.