தண்ணி பாட்டில் ஏன் அப்படியே திரும்பி வருது?

வணக்கம் மக்களே. இந்த பாட்டிலை கொஞ்சம் பாருங்க. (பாட்டிலை கேமரா கிட்ட காட்டணும்) ஒரு லிட்டர் பாட்டில். எங்க அக்கா துணிக்கடைல சேல்ஸ்ல இருக்கா, காலைல 9 மணிக்கு ரொப்பி எடுத்துட்டு போறா, ராத்திரி 10 மணிக்கு வந்து கிச்சன்ல வெக்கும்போது பாத்தா முக்கால் பாட்டில் தண்ணி அப்படியே இருக்கு, அதுவும் கத்திரி வெயில்ல. ஏன்க்கா இப்படி பண்றனு நானும் திட்டிட்டே இருந்தேன். ஒரு நாள் தான் சொன்னா, "குடிச்சா போகணும்லடா, சூப்பர்வைசர் கிட்ட பாத்ரூம் சாவி கேட்டு மூணு மாடி ஏறிட்டு வரணும், சும்மா சும்மா கேட்டா மூஞ்சிய காட்டுவாரு"னு.

அதனால தான் இந்த வீடியோ. தண்ணி குடிங்க தண்ணி குடிங்கனு எல்லாரும் சொல்றாங்க, குடிக்க முடியாதவங்கள பத்தி யாரும் பேச மாட்டேங்கறாங்க.

சரி, குடிக்கலன்னா உள்ள என்ன ஆகுதுனு பாப்போம். நம்ம ரெண்டு கிட்னியும் சேந்து ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டுது, அதுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிட்டு ஒன்றரை லிட்டர் போல தான் யூரினா வெளிய விடுது. நீங்க தண்ணி குடிக்கலன்னா மூளைல இருந்து ஒரு ஹார்மோன் வந்து "இருக்கற தண்ணிய விடாத, புடிச்சு வை"னு கிட்னிக்கு சொல்லும். கிட்னியும் புடிச்சு வெக்கும், ஆனா கழிவு வெளிய போயே ஆகணுமே, அதனால கொஞ்சூண்டு தண்ணிலயே அத்தனை உப்பையும் கரைச்சு அனுப்புது, யூரின் அடர் மஞ்சள் கலருக்கு போறது அப்படித்தான். அந்த கெட்டியான யூரின்ல உப்பெல்லாம் படிகம் படிகமா சேந்தா அதான் கல்லு. கல்லு வலி வந்தவங்கள கேட்டு பாருங்க, பிரசவ வலிய விட மோசம்னு சொல்றவங்க இருக்காங்க.

பொம்பளைங்களுக்கு இன்னொரு தொல்லை. யூரின் வர்ற குழாய் அவங்களுக்கு சுமார் 4 செ.மீ. தான், ஆம்பளைங்களுக்கு 20 செ.மீ. கிட்ட இருக்கும். குழாய் சின்னதா இருக்கறதால கிருமி சீக்கிரம் உள்ள ஏறிடும், அத அடிச்சு வெளிய தள்றதே நாம போற யூரின் தான். தண்ணியும் குடிக்காம, வந்தாலும் அடக்கிட்டு நின்னா கிருமிக்கு கொண்டாட்டம். அக்காவுக்கு போன வருஷம் ரெண்டு தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன், ரெண்டாவது தடவை குளிர் ஜுரத்தோட போர்வைக்குள்ள நடுங்கிட்டு கெடந்தா, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

எவ்ளோ குடிக்கணும்னு கேப்பீங்க. எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது, வேலையும் வெயிலும் பொறுத்து மாறும். யூரின் கலர பாருங்க, வெளுத்த வைக்கோல் கலர்ல இருந்தா போதும். ஒரே மூச்சுல ரெண்டு லிட்டர் குடிக்காதீங்க, அது ரத்தத்துல சோடியத்த கொறைச்சிடும், அரை மணிக்கு ஒருக்கா நாலு மடக்கு போதும். ரொம்ப வேர்த்தா உப்பு போட்ட நீர்மோர் குடிங்க. கிட்னி, ஹார்ட் பிரச்சனைக்கு டாக்டர் தண்ணிய அளந்து குடிக்க சொல்லியிருந்தா அவர் சொன்னது தான் அளவு. வயசானவங்களுக்கு தாகமே சரியா தெரியாது, கேக்கட்டும்னு இருக்காம நீங்களே டம்ளர்ல ஊத்தி குடுங்க.

இப்ப கடை வெச்சிருக்கவங்க கிட்ட பேசறேன். நின்னுட்டே வேலை பாக்கறவங்களுக்கு உக்கார சீட் குடுக்கணும்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டமே வந்துச்சு, அது வர்ற வரைக்கும் ஒரு ஸ்டூல் போட கூட பல பேருக்கு மனசு வரல. பாத்ரூமுக்கும் சட்டத்த காட்டி தான் சொல்லணுமா? மாடிக்கு மாடி கட்டி தர சொல்லல அண்ணே. இருக்கற பாத்ரூம்ல ஒரு தாழ்ப்பாள், ஒரு பக்கெட் தண்ணி, மூடி போட்ட குப்பைத்தொட்டி. சாவிய மட்டும் சூப்பர்வைசர் பாக்கெட்ல இருந்து எடுத்து பில்லிங் பக்கத்துல ஒரு ஆணில மாட்டிடுங்க, யார் கிட்டயும் கேக்காம எடுத்துட்டு போற மாதிரி.