வளைவே இல்லாத சட்டை

[மேசையில் விரித்த பழைய சட்டை. மேலிருந்து ஷாட்.]

இந்தச் சட்டையில கத்தரிக்கோல் எங்கயாவது வளைஞ்சு போயிருக்கானு பாருங்க. போகல. உடம்பு, கை, காலர் எல்லாமே சதுரம், இல்லன்னா செவ்வகம். அக்குள்ல கூட ஒரு சின்னச் சதுரத் துண்டுதான். துணி வீணாகவே வீணாகாது.

பேரு ஸ்மாக் ஃபிராக். 18, 19ஆம் நூற்றாண்டுகள்ல தெற்கு இங்கிலாந்துலயும் மத்திய இங்கிலாந்துலயும் ஆடு மேய்க்கிறவங்க, வண்டிக்காரங்க, ஏர் ஓட்டுறவங்க மத்த உடுப்புக்கு மேல இதை மாட்டிக்கிட்டுதான் வேலைக்குப் போனாங்க.

[நெஞ்சுப் பகுதி, க்ளோஸப்.]

சரி, ரெண்டு செவ்வகத்தைச் சேர்த்துத் தைச்சா சாக்கு மாதிரி தொளதொளன்னுதானே இருக்கும்? இங்கதான் வேலையே. நெஞ்சு, முதுகு, கையின் மேல்பக்கம், மணிக்கட்டு, இங்கெல்லாம் துணியில நூல் ஓட்டி இழுத்து, குழல் குழலா மடிப்பு எடுப்பாங்க. மடிப்புகளுக்கு மேல கெட்டி நூலால தையல் போட்டு ஒண்ணோட ஒண்ணு பிடிச்சு வெப்பாங்க. அப்புறம் இழுநூலை உருவிடுவாங்க. இப்போ இழுத்தா விரியும், விட்டா சுருங்கும். எலாஸ்டிக் பட்டி இல்லாமலே எலாஸ்டிக்! குனிஞ்சு கதிர் அறுத்தாலும் முதுகைப் பிடிக்காது. மடிப்பு நெருங்கின இடம் பல அடுக்குத் துணி, அதனால தூறலும் சீக்கிரம் உள்ள இறங்காது.

இன்னொரு சூட்சுமம். 'ரவுண்ட்' வகைக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி. முன்பக்கம் அழுக்கானா திருப்பிப் போட்டுக்கலாம்.

தையல்ல சக்கரம் இருந்தா வண்டிக்காரர், வளைஞ்ச கோல் இருந்தா ஆட்டுக்காரர்னு ஒரு கதை சுத்துது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சஃபோக்ல இருக்கிற ஹேவர்ஹில் மாதிரி ஊர்கள்ல இது மொத்தமாத் தயாராகிக் கடைக்குப் போன சரக்கு. வாங்கப்போறவர் என்ன வேலை பார்க்கிறார்னு தைக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?

[கதிரடிக்கும் இயந்திரம். பெல்ட் சுற்றுகிறது.]

களத்துக்கு மெஷின் வந்துச்சு. தொங்குற துணி பெல்ட்டுல சிக்கினா ஆளையே இழுத்துடும். மலிவா ரெடிமேட் கோட்டும் கிடைக்க ஆரம்பிச்சுது. இளவட்டங்களுக்கு ஸ்மாக் போட்டாலே பட்டிக்காடுன்னு ஆகிப்போச்சு. ஞாயித்துக்கிழமைக்குனு வெள்ளையில ஒண்ணு பெட்டியில மடிச்சு வெச்சிருந்த பெரியவங்கதான் கடைசி வரைக்கும் விடல.

வயக்காட்டுல மதிப்பு போன அதே தையலை 1880கள்ல லண்டன் லிபர்ட்டி கடை வசதியான வீட்டுப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் போட்டு வித்துச்சு. இன்னைக்குக் குழந்தை கவுன்ல, நெஞ்சுக்கு நேரா 'ஸ்மாக்கிங்'னு டெய்லர் போடுறாரே, அதேதான் இது.

[குழந்தை கவுன். ஒரு விரல் மடிப்பை இழுத்துப் பார்த்து விடுகிறது.]